இரண்டு கிரெடிட்டில் நிற்கும் பட்டம்

இந்த முறை பதிலுக்கு எடுத்துக்கொண்டது ஒரு பி.காம். மாணவியின் கடிதம். பெயர், ஊர், கல்லூரி மூன்றையும் நீக்கிவிட்டேன்.

2022இல் பிளஸ் டூ முடித்தவர். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள ஒரு சுயநிதி மகளிர் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார். சின்னக் கல்லூரி, மூன்று வருடத்தையும் சேர்த்தால் நானூறு பேர்தான். வணிகவியல் துறைக்கு மூன்றே ஆசிரியர்கள். அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இவர்தான். ஜூனில் ஆறாம் செமஸ்டர் முடிவு வந்தது. எல்லாம் பாஸ், மெயின் பாடங்களில் 71 சதவீதம். வீட்டில் கேசரி கிண்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

கூடப் படித்தவர்களுக்கு ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் புரொவிஷனல் எனப்படும் தற்காலிகப் பட்டச் சான்றிதழும் வந்தன, இவருக்கு வரவில்லை. அலுவலகத்தில் கேட்டபோது, “உனக்கு ரெண்டாவது செம்ல ஈ.வி.எஸ். நிக்குதே, தெரியாதா?” என்றிருக்கிறார்கள். ஈ.வி.எஸ். என்பது சுற்றுச்சூழல் கல்வித் தாள். அந்தத் தேர்வு நாளில் இவர் டெங்குவோடு அரசு மருத்துவமனையில் இருந்தார். திரும்பி வந்து கேட்டபோது வகுப்பு ஆசிரியை, “பார்ட் ஃபோர்தானே, கிளாஸுக்குச் சேராது, கடைசில பாத்துக்கலாம்” என்றாராம். அடுத்து வந்த நான்கு செமஸ்டரிலும் தேர்வு விண்ணப்பத்தை அலுவலகமே மொத்தமாகப் போட்டது. அந்தந்தச் செமஸ்டர் தாள்கள் மட்டும் அதில் இருந்தன. பழைய தாளை யாரும் சேர்க்கவில்லை. போதாக்குறைக்கு, என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) போன்ற பணிகளுக்கான பார்ட் ஃபைவ் கட்டமும் காலி. இவர் என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தவர், ஏழு நாள் முகாமுக்கும் போனவர். ஆனால் அந்தத் திட்ட அலுவலர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்.

இதற்கு மேல் 18,000 ரூபாய் கட்டண பாக்கி. கல்லூரிக்குக் கட்ட வேண்டிய உதவித்தொகை இவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் வந்தது. அப்பா சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்த சமயம் அது. பணம் அந்தச் செலவுக்குப் போய்விட்டது. பாக்கியைக் கட்டினால்தான் டி.சி.யும், சேரும்போது வாங்கிவைத்த பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்களும் என்கிறது கல்லூரி. ஒரு அரசுக் கல்லூரியில் எம்.காம். இடம் கிடைத்து, மாதக் கடைசிக்குள் அசல்களைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வேலையும் உறுதியாகியிருக்கிறது. உறவினர் ஒருவர், 35,000 கொடுத்தால் ‘எல்லாம் கிளியர் பண்ணி’ பட்டியல் வாங்கித்தரும் ஆள் இருப்பதாகச் சொல்கிறார். அம்மாவோ, பேசாமல் அஞ்சல்வழியில் புதிதாக ஒரு டிகிரி சேர்ந்துவிடு என்கிறார்.

“மெயின் பேப்பர் எல்லாம் பாஸ் பண்ணியும் காலேஜ் ஏன் டிகிரி தர மறுக்குது? என் மூணு வருஷம் போச்சா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

பதறாதீர்கள் அம்மா. உங்கள் மூன்று வருடம் எங்கும் போகவில்லை. நீங்கள் எழுத வேண்டியது ஒரு தேர்வு. மற்றதெல்லாம் காகித வேலை. அலைச்சல் இருக்கும், ஆனால் முடியக்கூடியது. ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், உங்களைப் போல ஈ.வி.எஸ்.ஸிலோ விழுமியக் கல்வியிலோ பட்டம் நின்றுபோனவர்கள் ஒவ்வொரு ஆண்டும் வருவார்கள். கணக்குப்பதிவியலில் தோற்றவரை நாலு பேர் துரத்தித் துரத்தி எழுதவைப்பார்கள். இரண்டு கிரெடிட் தாளைக் கவனிக்கத்தான் ஆள் இருக்காது.

உங்கள் கடிதத்தில் சில தவறான எண்ணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்துகொண்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்று உங்களுக்கே புரியும்.

பட்டம் தருவது கல்லூரி அல்ல

‘காலேஜ் டிகிரி தர மறுக்குது’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கல்லூரியால் பட்டம் தரவும் முடியாது, மறுக்கவும் முடியாது. 1956ஆம் ஆண்டின் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 22ஆம் பிரிவின்படி பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும், நாடாளுமன்றச் சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும்தான் உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்தும். அங்கும் பட்டத்தில் கையெழுத்து துணைவேந்தருடையது. உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றதல்ல என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆகவே கேள்வித்தாள், மதிப்பெண், பட்டியல், பட்டம் எல்லாமே பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் பொறுப்பு. கல்லூரியின் வேலை பாடம் நடத்துவது, இன்டர்னல் (கல்லூரி அளவிலான) மதிப்பெண்ணையும் வருகைப்பதிவையும் அனுப்புவது, பார்ட் ஃபைவ் விவரத்தைப் பதிவது, விண்ணப்பத்தில் முதல்வர் கையெழுத்துப் போடுவது. அவ்வளவுதான்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. சிறு கல்லூரிகளில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதே சட்டம் என்று மாணவிகள் நம்பிவிடுகிறார்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு எந்த ஒழுங்குமுறை பொருந்தும் என்பது பல்கலைக்கழக விதிப்புத்தகத்தில் இருக்கிறது, அவர் நினைவில் அல்ல. பல்கலைக்கழக இணையதளத்தில் ‘2022-23 முதல் சேர்ந்தோருக்கான இளநிலை ஒழுங்குமுறை’ என்பதுபோல ஒரு கோப்பு இருக்கும். அதைத் தரவிறக்கி, தேர்ச்சி, வகுப்பு நிர்ணயம், அதிகபட்சக் காலம் ஆகிய மூன்று பகுதிகளை மட்டுமாவது வாசித்துவிடுங்கள்.

‘பார்ட் ஃபோர்தானே’ என்பதில் பாதி உண்மை

உங்கள் ஆசிரியை பொய் சொல்லவில்லை. பாதியைச் சொன்னார். மீதிப் பாதிதான் இப்போது உங்களைத் தடுக்கிறது.

தமிழ்நாட்டில் கலை, அறிவியல் பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளாக நடக்கிறது. பார்ட் ஒன் தமிழ் அல்லது வேறு மொழி, பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீ உங்கள் மெயினும் அதைச் சார்ந்த பாடங்களும். பார்ட் ஃபோரில் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன்சார் தாள்கள், பிற துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம் எல்லாம் வரும். பார்ட் ஃபைவ் என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணி. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆறு செமஸ்டருக்கும் சேர்த்து 140 கிரெடிட் (ஒவ்வொரு தாளின் எடையைக் காட்டும் அலகு). அதில் ஏறத்தாழ 90 பார்ட் த்ரீயிலேயே இருக்கிறது. ஈ.வி.எஸ்.ஸுக்கு 2, பார்ட் ஃபைவுக்கு ஒன்றோ இரண்டோ.

முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று முடிவு செய்யும்போது பார்ட் ஒன், டூ, த்ரீ ஆகியவற்றைத் தனித்தனியே பார்ப்பார்கள்; நான்கும் ஐந்தும் அந்தக் கணக்கில் சேராது. ஆசிரியை சொன்னது இதைத்தான். ஆனால் அதே விதியின் அடுத்த வரி, பட்டம் பெறத் தகுதி வேண்டுமானால் பார்ட் ஃபோரையும் பார்ட் ஃபைவையும் முடித்திருக்க வேண்டும் என்கிறது. அதாவது இந்தத் தாளால் உங்கள் வகுப்பு ஏறாது, இறங்காது; அது இல்லாமல் பட்டமும் வராது. 140இல் 137 வைத்திருப்பவரும் 100 வைத்திருப்பவரும் பல்கலைக்கழகத்தின் கணினிக்கு ஒன்றுதான். இரண்டு பேரும் ‘படிப்பு முடிக்காதவர்’.

இவ்வளவு சின்னத் தாளுக்கு ஏன் இந்தக் கெடுபிடி என்று கோபம் வரும். சுற்றுச்சூழல் கல்வி கல்லூரியோ பல்கலைக்கழகமோ விருப்பப்பட்டு வைத்ததல்ல. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் இட்ட உத்தரவின் தொடர்ச்சியாக, எல்லா இளநிலைப் படிப்புக்கும் கட்டாயம் என்று யு.ஜி.சி. ஆறு மாதப் பாடத்திட்டம் வகுத்துக் கொடுத்தது. அதனால் துணைவேந்தரே இரக்கப்பட்டாலும் இந்தத் தாளிலிருந்து உங்களுக்கு விலக்குத் தர வழியில்லை. எவர் காலிலும் போய் விழாதீர்கள்.

இதோடு ஒரு நல்ல செய்தியும் உண்டு. உங்கள் முதல் வகுப்பு போகாது. 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதல் வகுப்பு, உங்களுடையது 71. பல்கலைக்கழக ரேங்க் பட்டியலுக்குத்தான் எல்லாத் தாளையும் முதல் முயற்சியிலேயே முடித்திருக்க வேண்டும் என்பார்கள்.

முதலில் செய்ய வேண்டியது

இரண்டாம் செமஸ்டர் மதிப்பெண் பட்டியலை எடுத்து வையுங்கள். சுற்றுச்சூழல் கல்வி வரியில் இன்டர்னல் கட்டத்தில் ஒரு மதிப்பெண் இருக்கும் (21 என்று எழுதியிருந்தீர்கள்), எக்ஸ்டர்னல் கட்டத்தில் ‘ஏஏஏ’ என்று மூன்று எழுத்து இருக்கும். தேர்வுக்கு வரவில்லை என்று பொருள். இன்டர்னல் மதிப்பெண் அப்படியே நிற்கும், அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. எக்ஸ்டர்னலில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 75க்கு 30 கேட்கின்றன. இரண்டும் சேர்த்து 40 வர வேண்டும். 71 சதவீதம் வாங்குகிற உங்களுக்கு இது பயப்பட வேண்டிய தாள் அல்ல. சூழல் மண்டலம், இயற்கை வளம், பல்லுயிர், மாசு, மக்கள்தொகை என்று பத்தாம் வகுப்பு அறிவியலில் பார்த்ததுதான் பெரும்பகுதி.

அந்த வரியின் இடது ஓரத்தில் தாளின் குறியீட்டு எண் இருக்கும். அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அடுத்த ஆண்டு, 2023-24இல், பல பல்கலைக்கழகங்கள் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்துக்கு மாறின. இப்போது கல்லூரியில் நடக்கும் ஈ.வி.எஸ். தாளின் எண் வேறாக இருக்க வாய்ப்புண்டு. விண்ணப்பத்தில் புதிய எண்ணைப் போட்டால் ஹால் டிக்கெட் வரும், தேர்வும் எழுதுவீர்கள், ஆனால் அது உங்கள் பட்டியலில் வந்து ஒட்டாது. அப்படி எழுதிவிட்டு ஆறு மாதம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய பாடத்திட்டத் தாளைச் சில முறைதான் நடத்துவார்கள். பிறகு அதற்கு ஈடான புதிய தாளை எழுதச் சொல்வார்கள். உங்களுக்கு எது என்பதைப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் பல்கலைக்கழகத்தில் ‘உடனடித் தேர்வு’ உண்டா என்று நாளைக்கே விசாரியுங்கள். ஒரே ஒரு தாள் நிற்கும் இறுதியாண்டு மாணவர்களுக்காகச் சில பல்கலைக்கழகங்கள், முடிவு வந்த சில வாரங்களில் ஒரு தேர்வு வைக்கின்றன. சில இடங்களில் அது கடைசிச் செமஸ்டர் தாளுக்கு மட்டும். சில இடங்களில் தோற்றவருக்கு மட்டும், வராதவருக்கு இல்லை. விண்ணப்பிக்கும் அவகாசமும் சில நாட்கள்தான் இருக்கும். கிடைத்தால் உங்களுக்கு ஓர் ஆண்டு மிஞ்சும். இல்லையென்றால் நவம்பர் தேர்வு. அரியர் தாள்களை நவம்பர், ஏப்ரல் இரண்டிலும் எழுதவிடுவார்கள். விண்ணப்பத்தை இந்த முறை அலுவலகத்திடம் விடாமல் நீங்களே நிரப்பி, பணம் கட்டிய ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அவசரமில்லை என்று இதையும் தள்ளிப்போடாதீர்கள். அரியருக்கு ஆயுசு உண்டு. படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டு, விசேஷ நிலையில் இன்னும் ஓர் ஆண்டு என்று யு.ஜி.சி. 2015இல் வரையறுத்தது. பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு சிறப்பு வாய்ப்புத் தருவது உண்மைதான், ஆனால் அது வரும் என்று நம்பி உட்கார முடியாது.

பார்ட் ஃபைவ் இதைவிட எளிது, இதைவிட எரிச்சலானது. எளிது, ஏனென்றால் தேர்வே இல்லை. எரிச்சல், ஏனென்றால் இன்னொருவர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். என்.எஸ்.எஸ்.ஸில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஒரு சிறப்பு முகாமும் கணக்கு. நீங்கள் அதை முடித்தவர். திட்ட அலுவலர் போய்விட்டால் பதிவேடு அவரோடு போய்விடாது. அது கல்லூரியின் ஆவணம். முகாம் சான்றிதழின் நகல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது போதும். முதல்வருக்கு ஒரு மனு, அதோடு நகல், கூட முகாமுக்கு வந்த இரண்டு மாணவிகளின் பெயரும் பதிவெண்ணும். விடுபட்ட பார்ட் ஃபைவ் பதிவைச் சேர்க்கும்படி தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு முதல்வர் கடிதம் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். “அனுப்பிட்டோம்மா” என்ற வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

எம்.காம். இடமும் வேலையும்

இது உங்களுக்குக் கசக்கும். உடனடித் தேர்வு கிடைக்காவிட்டால் இந்த ஆண்டு எம்.காம். இடத்தை விட்டுவிடுவதே சரி. முதுநிலையில் சேர இளநிலையின் எல்லாப் பகுதிகளிலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். ‘முடிவுக்காகக் காத்திருப்பவர்’ என்ற பெயரில் சில கல்லூரிகள் சேர்த்துக்கொள்வது உண்டு. நீங்கள் முடிவுக்காகக் காத்திருப்பவர் அல்ல; அரியர் நிற்பவர். அதை மறைத்துச் சேர்ந்து, ஒரு செமஸ்டர் படித்து, பதிவெண் தரும் கட்டத்தில் பல்கலைக்கழகம் தகுதியில்லை என்று திருப்பினால் கட்டிய பணமும் போகும், அந்த ஆண்டும் போகும். இருந்தாலும் நீங்களாகவே இடத்தைக் கைவிடும் முன் அந்த அரசுக் கல்லூரி முதல்வரை நேரில் பார்த்து உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அவகாசம் தர விதி இடம் கொடுத்தால் தருவார். எழுத்தில் தரச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு திரும்ப விண்ணப்பிக்க எந்தத் தடையும் இல்லை.

வேலை விஷயம் வேறு. தனியார் நிறுவனம் பட்டம் கேட்பது அவர்களுடைய விதி, சட்டமல்ல. வேலை உத்தரவில் ‘ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மனிதவளப் பிரிவுக்கு, ஒரு தாள் மட்டும் நிற்கிறது, நவம்பரில் எழுதுகிறேன் என்று மின்னஞ்சல் போடுங்கள். சிலர் ஆறு மாத அவகாசம் தருவார்கள், சிலர் மாட்டார்கள். மறைத்துச் சேர்ந்து பின்னால் சரிபார்ப்பில் சிக்குவதைவிட இப்போது ‘முடியாது’ என்று கேட்டுக்கொள்வது மேல். எனக்குக் கிடைத்த விவரத்தில், வேலை கிடைத்தால் அதில் சேர்ந்துகொண்டே நவம்பரில் எழுதுவதுதான் உங்கள் வீட்டு நிலைக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

அரசுத் தேர்வு எழுதும் எண்ணமும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். குரூப் 4க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், இப்போதே எழுதலாம். பட்டம் கேட்கும் குரூப் 2 போன்றவற்றுக்கு, அறிவிக்கை வெளியாகும் நாளில் உங்கள் கையில் தகுதி இருக்க வேண்டும். நவம்பரில் எழுதினால் உங்கள் பட்டத்தில் தேர்ச்சி மாதம் நவம்பர் என்றே வரும், ஏப்ரல் என்று வராது. அதற்கு முன் வந்த அறிவிக்கைக்குப் பட்டதாரி என்று விண்ணப்பிக்கக் கூடாது.

கட்டண பாக்கியும் சான்றிதழ்களும்

இதில் இரண்டு பக்கம் இருக்கிறது, இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அசல்களை வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை. சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்து உடனே திருப்பித்தர வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, அதைப் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகவே பாக்கியையும் அசலையும் முடிச்சுப்போடுவது சட்டப்படி செல்லாது.

மறுபக்கம்: பாக்கி பாக்கிதான். உதவித்தொகை உங்கள் கணக்குக்கு வந்தது, அதைக் கல்லூரிக்குக் கட்டியிருக்க வேண்டும். அப்பாவின் காலைப் பார்க்காமல் கல்லூரிக்குக் கட்டியிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் இடத்தில் எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அதனால் கடன் இல்லாமல் போய்விடாது. 18,000 எப்படி வந்தது என்று விவரம் எழுதி வாங்குங்கள். பஸ் கட்டணம், சீருடை, ‘இதர’ என்று என்னென்னவோ அதற்குள் இருக்கும். பயன்படுத்தாத பஸ்ஸுக்கும் கேட்டிருப்பார்கள். நியாயமான தொகையை மாதத் தவணையில் கட்டுகிறேன் என்று எழுதிக்கொடுத்து முதல் தவணையையும் கட்டிவிட்டால் சிறு கல்லூரிகள் பெரும்பாலும் இறங்கிவரும். நிர்வாகிக்கு உங்கள் குடும்பத்தைத் தெரிந்திருக்கும், அடுத்த ஆண்டு உங்கள் தெருவிலிருந்தே பிள்ளைகள் வர வேண்டும். அந்தக் கணக்கும் அவருக்கு உண்டு.

இறங்கிவராவிட்டால் எழுத்தில் புகார். யு.ஜி.சி.யின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். சான்றிதழைத் திருப்பித்தராதது அந்தக் குழு விசாரிக்க வேண்டிய குறை. 15 வேலை நாட்களுக்குள் குழு தன் பரிந்துரையைத் தர வேண்டும். அதில் தீராவிட்டால் அடுத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். புகாரின் நகலைக் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநருக்கும் அனுப்புங்கள். முதலில் தவணை, பிறகு புகார். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பார்ட் ஃபைவ் கடிதத்துக்கு அதே முதல்வரின் கையெழுத்துத்தான் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

அதுவரை பள்ளிச் சான்று காட்ட வேண்டிய இடத்தில் டிஜிலாக்கர் என்ற அரசின் மின்னணு ஆவணப் பெட்டகத்தைப் பயன்படுத்துங்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள் அதில் கிடைக்கின்றன.

அந்த 35,000 ரூபாய் ஆள்

அவரிடம் இனிமேல் போனில்கூடப் பேசாதீர்கள். அவர் விற்பது போலிப் பட்டியல். அசலைப் போலவே தாளும் முத்திரையும் இருக்கலாம், ஆனால் பல்கலைக்கழகக் கணினியில் உங்கள் பதிவெண்ணுக்கு நேரே அந்த ‘ஏஏஏ’ அப்படியே இருக்கும். வங்கி, நிதி நிறுவனம், அரசு, வெளிநாடு என எங்கு போனாலும் உண்மைத்தன்மைச் சான்று கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவார்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு போலி ஆவணம் தயாரிப்பதற்குப் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. போலி என்று தெரிந்தே காட்டுபவருக்கும் அதே தண்டனைதான். விற்றவர் எண்ணை மாற்றிக்கொண்டு போய்விடுவார். காட்டியவர் நீங்கள். சில நூறு ரூபாயில் நேராக எழுதிவிடக்கூடிய ஒரு தாளுக்காக இதில் இறங்கவே வேண்டாம்.

அம்மாவின் யோசனை கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல. ஆனால் 137 கிரெடிட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு முதல் செமஸ்டரிலிருந்து தொடங்குவதில் அர்த்தம் இல்லை. தொலைநிலைப் படிப்பிலும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம்தான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன், இனிமேல் நாலு வருட டிகிரி இருந்தால்தான் மேற்படிப்பு என்று பயமுறுத்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் கலை, அறிவியல் பட்டம் மூன்று ஆண்டுதான், முதுநிலை இரண்டு ஆண்டுதான். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை சரியாக இருக்கிற உங்களுக்கு அதில் சிக்கல் இல்லை.

தேர்ச்சி பெற்றதும் முதலில் வருவது ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் புரொவிஷனலும். கல்லூரி முதல்வர் தரும் ‘படிப்பு முடித்தார்’ சான்றிதழை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வகுப்புக்கு வந்தார் என்பதற்குத்தான் சான்று, தேர்ச்சிக்கு அல்ல. பல்கலைக்கழகம் தரும் புரொவிஷனல் பட்டமளிப்பு விழா வரைக்கும் எம்.காம். சேரவும் வேலைக்கும் செல்லும். தகுதி பெற்ற 180 நாட்களுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. நடைமுறையில் விழா தள்ளிப்போவது சகஜம், அதற்காக எதுவும் நிற்காது. விழாவுக்குப் போக முடியாவிட்டால் நேரில் வராமலே பெறும் விண்ணப்பத்தைப் போட்டால் தபாலில் வரும்.

பட்டியல் கைக்கு வந்த அன்றே உங்கள் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பிளஸ் டூ பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடிதத்தில் ஓரிடத்தில் ஒரு முதலெழுத்தும் இன்னோரிடத்தில் இரண்டும் போட்டிருக்கிறீர்கள். கல்லூரிப் பதிவில் எது இருக்கிறதோ தெரியாது. பட்டம் அச்சாவதற்கு முன் திருத்துவதற்கு ஒரு மனு போதும், அச்சான பிறகு கட்டணமும் காத்திருப்பும் உண்டு. நவம்பர் தேர்வு விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பரில் திறக்கும். அதற்குள் பார்ட் ஃபைவ் கடிதம் போய்ச்சேர்ந்திருக்க வேண்டும்; போகவில்லை என்றால் இதே முகவரிக்கு மறுபடி எழுதுங்கள், பல்கலைக்கழகத்தின் பெயரோடு.